பக்கத்து வீட்டுச் சுவர் விரியாமல் பைல் போடுவது எப்படி

பெங்களூரு அல்சூரில் ஒரு குறுக்குத் தெரு. நாங்கள் பைல் போடும் வேலை, அதாவது மண்ணைத் துளைத்து அஸ்திவாரத்துக்குக் காங்கிரீட் தூண் வார்க்கும் வேலை, எடுத்திருந்த மனையை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீடு. அதில் பாட்டி ஒருவர் தனியாக இருந்தார். துளை போடும் மெஷினான ரிக் லாரியிலிருந்து இறங்கியதும் நான் பார்த்த முதல் வேலை, பாட்டியிடம் கேட்டு அவர் ஜன்னல் திண்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வைத்தது.

"இது என்ன தம்பி, பூமி பூஜையா?" என்றார்.

"இல்லைங்க பாட்டி. மெஷின் ஓடும்போது தண்ணி ஆடுதான்னு பாருங்க. ஆடுச்சுன்னா உடனே என்னைக் கூப்பிடுங்க."

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால், இதே ஊரில், நான் வேறொரு ஒப்பந்ததாரரிடம் சூப்பர்வைசராக இருந்தபோது மூன்றுகால் இரும்புச் சட்டமான முக்காலியும் கயிறு இழுக்கும் வின்ச்சும் வைத்துப் பைல் போட்டுக்கொண்டிருந்தோம். பாறை வந்ததும் ஒரு டன் எடையுள்ள உளியைத் தூக்கித் தூக்கிப் போட்டோம். மூன்று நாள், ஒரே துளைக்கு. நாலாம் நாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறைச் சுவரைக் காட்டினார். விரிசலுக்குள் ஒரு ரூபாய் நாணயம் போய் நின்றது. எங்கள் முதலாளி அரை மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரையும் அனுப்பிக் கணக்கை முடித்தார். எனக்கு முடியவில்லை.

நான் திருச்செங்கோட்டுக்காரன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது போர்வெல் லாரியில் போயிருப்பார்கள். பத்தொன்பது வயதில் நானும் ஏறினேன். கம்ப்ரசர் அலறலும் முகத்தில் அப்பும் கல்மாவும்தான் எனக்குத் துளை போடுவதைப் பற்றிய முதல் பாடம். இப்போது சின்ன அளவில் பைலிங் ஒப்பந்தம் எடுக்கிறேன். மனையில் நாலு மாடி எழுப்ப நினைப்பவர்களும் புதிதாக சைட்டுக்கு வந்த இன்ஜினீயர் தம்பி தங்கைகளும் அடிக்கடி என்னிடம் கேட்பது, "அண்ணே, அதிர்வு கம்மியா, சேறு கம்மியா வேலை செய்ய எந்த ரிக் நல்லது?" என்றுதான். ரிக்கின் பெயரைச் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை இது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மெஷினுக்கு முன்னால் மண்

முதலில் மண் பரிசோதனை அறிக்கையை மேஜையில் விரியுங்கள். பெங்களூருவின் அடியில் இருப்பது 'நைஸ்' (gneiss) என்ற பழைய பாறை வகை. லால்பாக்கில் மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டு. அதே பாறை வேறு இடத்தில் தரைக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேலே செம்மண், அதன்கீழ் சிதைந்த பாறை, அப்புறம் கெட்டிப் பாறை. நடுவில் எங்கே வேண்டுமானாலும் உருண்டைக் கற்கள். ஒரே மனையில் முன்பக்கம் 5 மீட்டரில் பாறை, பின்பக்கம் 13 மீட்டரில் பாறை என்று நான் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்தில் மட்டும் போர் போட்டுவிட்டு மனை முழுவதும் இப்படித்தான் என்று அறிக்கை எழுதியிருந்தால் நம்பாதீர்கள். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று போட்டுப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு, தவறான ரிக் ஒரு வாரம் சும்மா நின்றால் ஆகும் வாடகையை விடக் குறைவு.

அறிக்கையில் நான்கு விஷயம் தேடுங்கள். மேலே கொட்டி நிரப்பிய மண் எத்தனை மீட்டர், செம்மண் எவ்வளவு கெட்டி, தண்ணீர் எத்தனை அடியில், அது எந்த மாதத்தில் அளந்தது. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். ஏப்ரலில் வறண்டு கிடந்த துளை அக்டோபரில் குளமாக நிற்கும்.

கொட்டிய மண் விஷயத்தில் பெங்களூரு கொஞ்சம் ஏமாற்றும். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் இருக்குமிடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. பேட்டைப் பெயரில் 'கெரே' இருந்தால் ஏரி என்று அர்த்தம். தெருவில் வயதானவர்களிடம் பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள். "அங்கே எருமை குளிக்கும்" என்று ஒருவர் சொன்னது எனக்கு இரண்டு போர் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது.

எந்த மெஷின்

முக்காலி செட் மலிவு. சந்துக்குள் தலைச்சுமையாகக் கூடக் கொண்டுபோய்ப் பூட்டலாம். வெறும் மண்ணைப் பெய்லர் என்ற குழாய் வாளியால் அள்ளுவதற்கு இன்றைக்கும் பரவாயில்லை. ஆனால் அது பாறையைக் குத்திக் குத்தித்தான் உடைக்கும். ஒவ்வொரு குத்தும் பாறை வழியாகவே ஓடிப்போய் அடுத்த வீட்டு அஸ்திவாரத்தைத் தட்டும். போதாததற்கு, உடைந்த தூளை மேலே கொண்டுவரத் தண்ணீரும் பெண்டோனைட்டும் (துளை சரியாமல் பிடிக்கும் ஒரு களிமண்) நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். பழைய வீட்டுக்குப் பக்கத்தில் உளி கூடாது. இது ஒன்றில் நான் பேரம் பேசமாட்டேன்.

ஹைட்ராலிக் ரோட்டரி ரிக் அப்படியில்லை. கெல்லி பார் என்ற தொலைநோக்கிக் குழல் மாதிரி நீளும் தண்டின் முனையில் ஆகர் என்ற திருகையோ பக்கெட்டையோ மாட்டி, திருகி, வெட்டி, மேலே எடுக்கிறது. குத்து இல்லை. 600 மி.மீ. விட்டம், 15 மீட்டர் ஆழப் பைல் ஒன்றை முக்காலியில் மூன்று நாலு நாள் இழுப்போம். ரோட்டரியில் நம் ஊர் மண்ணுக்கு அரை நாள், பாறை கொஞ்சம் கெட்டியாக இருந்தால் ஒரு நாள். தெரு சிரமப்படும் நாட்கள் குறைவது தனி லாபம்.

ரிக் வாடகைக்கு எடுக்கும்போது கவனிக்கவேண்டியது அதன் முறுக்குத் திறனும் எடையும். 'பெரிய ரிக்தான் நல்லது' என்பது பாதி உண்மை. அறுபது டன் ரிக் ஒன்றை முப்பதடித் தெருவுக்குள் கொண்டுவந்தால் குடிநீர்க் குழாய் உடையும், மூலையில் நிற்கும் புங்கமரத்தின் கிளையை வெட்டச் சொல்வார்கள். ரொம்பச் சின்ன ரிக் எடுத்தால் பாறையில் திணறும், சாயங்காலம் நீங்கள் வீட்டுக்குப் போனதும் ஆபரேட்டர் உளியை வெளியே எடுப்பார். பாறையின் கெட்டித்தனத்தை அறிக்கையில் பார்த்து, அதற்குப் போதுமான மிகச் சின்ன ரிக் எது என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் 'உளி பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி எழுதுங்கள்.

சிஎஃப்ஏ என்று ஒரு முறை இருக்கிறது. நீளமான திருகு ஒன்றை முழு ஆழத்துக்கும் ஒரே மூச்சில் இறக்கி, வெளியே எடுக்கும்போது அதன் நடுக்குழாய் வழியாகவே காங்கிரீட்டைப் பம்ப் செய்துகொண்டு வருவது. துளை வாயைத் தாங்கும் இரும்புக் குழாயான கேசிங் வேண்டாம், பெண்டோனைட் வேண்டாம், சத்தமும் குறைவு. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் உருண்டைக் கல் வந்தால் திருகு அங்கேயே நின்றுவிடும். அதனால் நம் ஊரில் பெரும்பாலான மனைகளுக்கு அது ஒத்துவராது.

இடமே இல்லாத சந்து, பழைய சுவரை ஒட்டி ஓரடி கூட விடமுடியாத நிலை என்றால் மைக்ரோபைல். 150 முதல் 300 மி.மீ. வரை விட்டம், சின்ன மெஷின். பாறைக்குள் போக, துளைக்குள்ளேயே இறங்கிக் காற்றழுத்தத்தில் அடிக்கும் டிடிஎச் சுத்தியல் வேண்டும். அது என் பழைய சிநேகிதன், அதன் குணம் எனக்குத் தெரியும்: கல்தூளைப் புகையாகக் கக்கும். அந்தத் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. எங்கள் ஊரில் நாற்பத்தைந்து வயதில் படியேற முடியாமல் மூச்சு வாங்கும் பழைய டிரில்லர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். காற்றோடு நீர்த்துளி கலந்து அடிக்கும் வசதி இல்லாத செட்டை உள்ளேயே விடாதீர்கள். பையன்களுக்குத் துணி மாஸ்க் போதாது, தூசி வடிகட்டும் சரியான மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

பேட்டரியில் ஓடும் ரிக்கும் வந்துவிட்டது. லீபெர் கம்பெனி 2019-ல் எல்பி 16 என்ற மாடலைப் பேட்டரியோடு வெளியிட்டது. நான் இன்னும் ஒன்றைத் தொட்டுப் பார்த்ததில்லை. வாடகைக்கு வரும்வரை டீசல் ரிக்கைச் சரியாக ஓட்டுவதே நம் கையில் இருப்பது.

ஒரு சின்ன யோசனை. ரிக் நிற்க உறுதியான தரை வேண்டும், இல்லாவிட்டால் சாயும்; சாய்ந்தால் அது பக்கத்து வீட்டின் மேல்தான். அந்தத் தரைக்காகப் புதிதாக ஜல்லி வாங்குவார்கள். மனையில் இருந்த பழைய வீட்டை இடித்த செங்கல்லும் காரையும் வெளியே கொட்டப் போவதற்குள் நிறுத்துங்கள். பெரிய துண்டுகளை உடைத்து, பரப்பி, ரோலர் ஓட்டினால் அருமையான மேடை. அல்சூரில் அப்படித்தான் செய்தோம். போகிற லோடும் மிச்சம், வருகிற லோடும் மிச்சம்.

பெண்டோனைட் உண்மையில் வேண்டுமா

பல சைட்டுகளில் பெண்டோனைட் கலக்குவது கோயிலில் தேங்காய் உடைப்பது போல. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நம் செம்மண் கெட்டியானது. தண்ணீர் ஆழத்தில் இருந்தால் துளை தானாகவே நிற்கும். மேலே 2, 3 மீட்டருக்கு ஒரு தற்காலிக கேசிங் போட்டால் வாய் மட்டும் சரியாமல் இருக்கும், கீழே உலர்வாகவே துளைத்துவிடலாம். முதல் பைலை உலர்வாகப் போட்டு, டார்ச் அடித்து, ஒரு மணி நேரம் விட்டு மறுபடி ஆழம் அளந்து பாருங்கள். அடியில் மண் விழவில்லை என்றால் மீதிப் பைல்களுக்கும் அதே வழி. துளைக்குள் எட்டிப் பார்க்கும்போது கயிறு கட்டிய பெல்ட் போடுங்கள். துளைக்குள் ஆளை இறக்கவே கூடாது.

தண்ணீர் வந்தால், மணல் அடுக்கு இருந்தால், உலர் துளை நிற்காது. அங்கே பிடிவாதம் பிடிக்காதீர்கள். சரிந்த துளை எல்லாவற்றையும் விடப் பெரிய விரயம். அப்போது இரண்டு வழி. பெண்டோனைட் என்றால் ஒரு கன மீட்டர் தண்ணீருக்குச் சுமார் 50 கிலோ. 600 மி.மீ., 15 மீட்டர் துளையின் கொள்ளளவு நாலேகால் கன மீட்டர். ஆக ஒரு துளை நிரப்பவே நாலு மூட்டை. அதே வேலையைச் செய்யும் பாலிமர் என்ற ரசாயனம் என்றால் கன மீட்டருக்கு ஒரு கிலோ அளவில் முடிந்துவிடும். வேலை முடிந்ததும் பிளீச்சிங் கரைசல் விட்டால் பாலிமர் பிரிந்துவிடும், மண் கீழே படியும், மேல்தண்ணீரைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் பாலிமரில் மணல் சீக்கிரம் அடியில் உட்காரும். காங்கிரீட்டுக்கு முன் அடியைச் சுத்தம் செய்வதில் சோம்பல் கூடாது.

பெண்டோனைட்தான் என்று முடிவானால் தொட்டியோடு ஒரு மணல் பிரிக்கும் இயந்திரமும் வரவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு துளைக்கு ஒருமுறை பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிது கலப்பார்கள். பைலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911 சொல்லும் அளவுகள் எளிமையானவை: புதிய கரைசலின் அடர்த்தி 1.03 முதல் 1.10 வரை, மார்ஷ் புனல் வழியாக வடிய 30 முதல் 60 விநாடி. துளைக்குள் மண் கலந்து அடர்த்தி ஏறும். காங்கிரீட் இறக்குவதற்கு முன் 1.12-க்குக் கீழே கொண்டுவரவேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு புனலும் தராசும் ஸ்டாப்வாட்சும் போதும். கையில் தொட்டுப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு சார்" என்பவரிடம் புனலைக் கொடுங்கள்.

கொட்டுவது பற்றி வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பெண்டோனைட் சேற்றைப் பம்ப் வைத்துத் தெருவோர மழைநீர்க் கால்வாயில் விட்டார்கள். நானும் பம்ப் ஹோஸைப் பிடித்தவன்தான். பெண்டோனைட் மற்ற களிமண் மாதிரி இல்லை; தண்ணீரில் ஊதிப் பெருகி, படியாமல் மிதந்து, ஓட்டம் நின்ற இடத்தில் வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடுத்த மழைக்கு அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர். இங்கே ராஜகாலுவே என்று சொல்கிற பெரிய வாய்க்கால்கள் எல்லாம் ஏதோ ஓர் ஏரிக்குத்தான் போகின்றன. கோரமங்கலாப் பக்கத்து வாய்க்கால்களின் முடிவு பெல்லந்தூர் ஏரி. அந்த ஏரி படும் பாடு ஊரறிந்தது, நாம் வேறு சேர்க்கவேண்டியதில்லை. சேற்றைத் தொட்டியில் உறையவிட்டு, கெட்டியானதை மட்டும் அனுமதித்த இடத்துக்கு மூடிய டிப்பரில் அனுப்புங்கள்.

தண்ணீர்க் கணக்கும் இங்கேயே வருகிறது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, கட்டுமானத்துக்குக் குடிநீர் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. அன்றைக்கு உலர் துளை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. டயர் கழுவ, தூசிக்குத் தெளிக்க, சுத்திகரித்த கழிவுநீர் டேங்கரே போதும்.

டீசல் அல்ல, துளையின் விட்டம்

இப்போது நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்லும் விஷயம். சுற்றுச்சூழல் என்றதும் எல்லோரும் ரிக்கின் புகைக்குழாயைப் பார்க்கிறார்கள். நான் துளையைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். 600 மி.மீ. துளை, 15 மீட்டர், 40 பைல். மீட்டருக்கு 0.283 கன மீட்டர் என்றால் மொத்தம் 170 கன மீட்டர் காங்கிரீட். துளை ஆடி, ஓரம் சரிந்து, சராசரி விட்டம் 660 ஆகிவிட்டது என்று வையுங்கள். பார்க்க வெறும் 6 செ.மீ. கூடுதல். ஆனால் காங்கிரீட் 21 சதவீதம் கூடும். அதாவது 35 கன மீட்டருக்கு மேல். கன மீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட் வைத்தால் 14 டன் சிமெண்ட், மண்ணுக்குள் சும்மா போகிறது. ஒரு டன் சாதா சிமெண்ட் தயாரிக்கச் சுமார் 0.8 டன் கரியமில வாயு வெளியேறும் என்றால் அது 11 டன்.

இனி ரிக்கின் டீசல். மணிக்கு 20 லிட்டர், ஒரு பைலுக்கு 5 மணி நேரம் என்று என் டைரிக் கணக்கை வைத்தால் 40 பைலுக்கு 4,000 லிட்டர். லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் 10.8 டன். ஆக, துளை 6 செ.மீ. பெருத்துப் போனதன் கேடு, அந்த ரிக் வேலை முழுவதும் குடித்த டீசலின் கேட்டுக்குச் சமம். இதை முதல் முறை போட்டுப் பார்த்த ராத்திரி எனக்கே நம்பிக்கை வரவில்லை, மறுபடி போட்டேன்.

ஆகவே ஆபரேட்டரைத் தேர்ந்தெடுங்கள். ரோட்டரி ரிக்கில் மாஸ்ட் என்ற நிமிர்ந்த கம்பம் நேராக நிற்கிறதா என்று காட்டும் திரை உண்டு. அதை ஒவ்வொரு துளைக்கும் ஆரம்பத்திலும் 3 மீட்டர் போனதும் பார்க்கவேண்டும். ஆகரின் வெட்டுப்பல் தேய்ந்து ஒருபக்கம் குட்டையானால் துளை கோணும். பல் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. பக்கெட்டை வேகமாகத் தூக்கினால் கீழே உறிஞ்சும் விசை உண்டாகி ஓரமண் சரியும். மெதுவாக. ஒவ்வொரு பைலுக்கும் 'கணக்குப்படி எவ்வளவு காங்கிரீட், போனது எவ்வளவு' என்று இரண்டு எண் எழுதி ரிக் கேபினிலேயே ஒட்டுங்கள். என் சைட்டில் 8 சதவீதத்துக்குக் கீழ் நின்றால் ஆபரேட்டருக்கும் ஹெல்ப்பருக்கும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. பிரியாணிக்கு முன்னால் எந்த ஐ.எஸ். கோடும் நிற்காது.

பாறைக்குள் எவ்வளவு போகவேண்டும் என்பதும் இதே கதைதான். 'எதற்கும் இன்னும் ஒரு மீட்டர்' என்று சொல்வது சுலபம். கெட்டிப் பாறையில் அந்த ஒரு மீட்டருக்கு ஐந்தாறு மணி நேரம் சத்தமும் டீசலும் போகும். பாறையில் நிற்கும் பைலுக்கென்றே ஐ.எஸ். 14593 இருக்கிறது, வடிவமைத்த இன்ஜினீயரை முதல் மூன்று பைலுக்காவது சைட்டில் நிற்கவைத்து, வெளியே வரும் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். உருண்டைக் கல்லைப் பாறை என்று ஏமாந்து நிறுத்துவதும் நடக்கும். அது வேறு விதமான விபத்து.

சிமெண்டையே மாற்ற முடியுமா என்று கேட்டால், முடியும். பல்லாரிப் பக்கத்து உருக்காலைக் கசடு கலந்த கலவையை ரெடிமிக்ஸ் பிளாண்டில் கேளுங்கள். கசடு சிமெண்டுக்கான ஐ.எஸ். 455 எழுபது சதவீதம் வரை கசடு அனுமதிக்கிறது. இறுகக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

டம்ளர் ஆடிய நாள்

மூன்றாம் நாள் மதியம் பாட்டி கூப்பிட்டார். "தம்பி, ஆடுது பார்." ஓடினேன். தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. ஆனால் அந்த நேரத்தில் ரிக் துளைக்கவே இல்லை. ஆகரை வெளியே எடுத்து, அதில் அப்பிய ஈரக் களிமண்ணை உதிர்க்க ஆபரேட்டர் கெல்லியை இடமும் வலமும் வெடுக் வெடுக்கென்று உதறிக்கொண்டிருந்தார். 'டங், டங்' என்று தெருமுனை வரை கேட்கும் சத்தம். அதே நேரத்தில் டிப்பர் ஒன்று பாட்டி வீட்டுச் சுவரை ஒட்டிப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

ரோட்டரி ரிக் அமைதியானது என்று விளம்பரத்தில் போடுவார்கள். திருகும்போது உண்மை. உதறும்போது இல்லை. ஆகரில் அப்பும் மண்ணைச் சுரண்டி எடுக்கும் ஒரு இரும்புக் கை கிடைக்கிறது, ரிக்கிலேயே மாட்டலாம். அன்றைக்கு அது எங்களிடம் இல்லை. பக்கெட்டுக்கு மாறினோம், உதறுவது பாதியாகக் குறைந்தது. டிப்பர் வழியை மனையின் மறுபக்கத்துக்கு மாற்றினோம். டம்ளர் அடங்கியது.

டம்ளர் ஒரு எச்சரிக்கைதான், அளவுகோல் இல்லை. ஒட்டி வீடு இருந்தால் அதிர்வுமானி வாடகைக்கு எடுங்கள். ஜெர்மனியின் டின் 4150 தரத்தில், மெதுவான அதிர்வுகளுக்குக் குடியிருப்பு வீட்டின் அஸ்திவாரத்தில் விநாடிக்கு 5 மி.மீ., பழைய நொய்ந்த கட்டடத்துக்கு 3 மி.மீ. என்று எல்லை வைத்திருக்கிறார்கள். ரிக் வருவதற்கு முன்பே வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரிசலையும் தேதியோடு போட்டோ எடுங்கள். பெரிய விரிசலின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஒரு பட்டையாகப் பூசித் தேதி எழுதுங்கள். விரிசல் அகலமானால் பட்டை உடைந்து காட்டிக்கொடுக்கும். உடையவில்லை என்றால் அது உங்களுக்கும் சாட்சி.

சத்தத்துக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்; அங்கே 50, 40. பெங்களூருவில் ஆட்டோ ஹாரனே இதைத் தாண்டிவிடும் என்பது வேறு. அதனால்தான் வேலை தொடங்கும் முன் ஒரு நாள் முழுக்க அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் தேவைப்பட்டால் 2023 ஜூலைக்குப் பிறகு வந்த சிபிசிபி (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) 4 பிளஸ் புகைத் தரத்தில் ஒன்றை எடுத்து, அதைப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். இந்தக் கடைசி வரிக்குச் சட்டம் தேவையில்லை, ஆனால் பத்தில் எட்டு சைட்டில் அங்கேதான் வைக்கிறார்கள்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. ரிக்கின் ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று வெடித்தால் நொடியில் வாளிக்கணக்கில் எண்ணெய் மண்ணில். தினமும் காலை ஹோஸ்களைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாற்றும் நேரம். இரண்டு மூட்டை மரத்தூள் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். எண்ணெய் குடித்த மரத்தூளையும் மண்ணையும் தனியாகக் கட்டுங்கள், டிப்பரில் கலக்காதீர்கள்.

வெளியே வரும் மண்ணும் சொத்துதான், உலர்வாகத் துளைத்தால். 170 கன மீட்டர் துளையிலிருந்து வரும் மண் உதிர்ந்து பெருத்து 210 கன மீட்டருக்கு மேல் போகும், பெரிய டிப்பரில் இருபத்தோரு லோடு. அல்சூர் சைட்டில் பாதியை எங்கள் பிளிந்த் (கட்டடத்தின் அடிமேடை) நிரப்பவே வைத்துக்கொண்டோம். பெண்டோனைட் கலந்திருந்தால் ஒரு சட்டி கூட உதவாது.

கடைசியில் பைல் தலை. காங்கிரீட்டை வேண்டிய மட்டத்துக்கு மேல் குறைந்தது 300 மி.மீ. கூட்டி ஊற்றுவோம், மேலே மிதந்து வரும் கசடை வெட்டி எறிய. வெட்டும் மட்டம் ஆழமானால் இன்னும் கூட்டவேண்டும். ஆனால் ஒன்றரை மீட்டர் கூட்டி ஊற்றும் கைகளை நான் பார்த்திருக்கிறேன், காங்கிரீட்டை அடிவரை இறக்கும் டிரெமி பைப்பைத் தூக்கும் அவசரத்தில். கயிற்றில் எடை கட்டி மட்டத்தை அளந்து நிறுத்துங்கள். உடைப்பதற்குக் காற்றழுத்தத்தில் குத்தும் நியூமாட்டிக் பிரேக்கர் பிடித்தால் அதுவரை சேர்த்த நல்ல பெயர் ஒரே காலையில் போகும். சுற்றி நெருக்கி உடைக்கும் ஹைட்ராலிக் கிரஷர் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். எங்களுக்கு அன்று கிடைக்கவில்லை. பாட்டி மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவார். அந்த நேரம் விட்டு, பத்திலிருந்து ஒன்று, நாலரையிலிருந்து ஆறு என்று நாற்பது தலையையும் உடைத்தோம். கம்பி பழைய இரும்புக்குப் போனது. துண்டுக் காங்கிரீட்டில் பெரும்பகுதி பேஸ்மென்ட் சரிவுப் பாதைக்கு அடியில் போனது. மழை பெய்தால் பாட்டி வாசலில் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கும் நாலு சட்டி போட்டு இறுக்கினோம்.